விட்டுவிட்டு எரிந்த சிவப்பு விளக்கு

பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்த மறுநாள் காலையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி இயங்க மறுத்தது. அடியோடு மறுத்திருந்தால் நான் இவ்வளவு குழம்பியிருக்கமாட்டேன். சட்டத்தின் கீழ்விளிம்பில் உள்ள சிறு சிவப்பு விளக்கு எரியும், உள்ளே எங்கோ ‘டிக்’ என்று ஓர் ஓசை எழும், விளக்கு அணையும். ஒரு மூச்சு விடும் பொழுதுக்குப் பின் மறுபடியும் விளக்கு, மறுபடியும் ஓசை, மறுபடியும் அணைவு.

“பல்லி சொல்லுது” என்றாள் என் மனைவி, அடுக்களையிலிருந்து.

“பல்லி இவ்வளவு ஒழுங்காகச் சொல்லாது” என்றேன்.

நான் இயல்பாகவே ஐயுறுகிறவன். நெடுங்காலம் தமிழாசிரியனாக இருந்து விடைத்தாள் திருத்தியவனுக்கு, ஒரே பிழை இரண்டு தாள்களில் தென்பட்டால், எவன் எவனைப் பார்த்து எழுதினான் என்னும் கேள்விதான் முதலில் எழும். ஆகவே பெட்டி பழுதானது எப்படி என்று நான் கேட்கவில்லை. பழுதாக்கியது யார் என்றே கேட்டுக்கொண்டேன். வெள்ளையடிக்க வந்தவர்கள் பெட்டியைத் தூக்கிப் பின்னறையில் கவிழ்த்து வைத்ததை நான் பார்த்திருந்தேன். கைநழுவவிட்டு மறைத்திருக்கலாம். அல்லது வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலத்துக்காரர் காரணமாகலாம். மும்முனை மின்சாரம் வந்ததும் அவர் தம் நீரேற்றும் மோட்டாரை முடுக்குவார், எங்கள் வீட்டு விளக்குகள் அந்தக் கணமே மங்கிப்போகும். வேறொரு சுவர்ப்பொருத்தியில் செருகிப் பார்த்தேன். மோட்டார் ஓடாத வேளையிலும் பார்த்தேன். சிவப்பு விளக்கு தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குத் தெரியாதது. வாசகரிடமும் அதை மறைத்து வைத்து விளையாட எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெட்டிக்குள் என் மனைவியின் ஏழுகல் கம்மல் இருந்தது.

அது அவளுடைய தாயார் அணிந்திருந்தது. தாயார் மறைந்தபோது மகளுக்கு வந்தது. மகளுக்கு வந்ததே தவறு என்று அவளுடைய தம்பி, அதாவது எங்கள் ஊரிலேயே இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்து பயிர் செய்யும் என் மைத்துனன், இன்றளவும் மனத்தாங்கலில் இருக்கிறான். தன் மனைவியின் காதுக்கு உரியது அக்காளின் காதுக்குப் போய்விட்டதாக அவன் எண்ணம். சென்ற ஆண்டு நாங்கள் பெங்களூரில் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கப் புறப்பட்டபோது, பக்கத்து ஊரில் ஒரு வீட்டைத் திறந்து அரிசிப் பானையையும் சாமி அறையையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள் கள்வர்கள். அரிசிப் பானையை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று என் மனைவி முடிவு செய்தாள். தையல் எந்திரத்தின் திருப்புளியால் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்த கம்மலை உள்ளே ஒரு விளிம்பில் செருகி, மூடியைப் பழையபடி முடுக்கிவிட்டாள். திரும்பி வந்த பிறகும் எடுக்கவில்லை. அதைவிட நல்ல இடம் அவளுக்குத் தோன்றவில்லை. பெட்டியும் அத்தனை மாதங்களும் குறையின்றி இயங்கியது.

ஆகவே, பழுதுநீக்குநரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டேன் என்று நான் சொன்னதும் அவள் முகம் கறுத்ததை நான் தவறாகப் புரிந்துகொண்டேன்.

“எப்ப வராராம்?”

“நாளை மாலை.”

“சரி” என்றாள். நாளைக் காலையில் நான் நூலகத்துக்குப் போவேன், அப்போது எடுத்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். ஆனால் பழுதுநீக்குநர் மறுநாள் நான் நூலகத்துக்குப் புறப்படுமுன்னரே வந்து நின்றார்.

அவர் ஏரிக்கரைக்கு அப்பால் உள்ள காலனியைச் சேர்ந்தவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து, உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தின் பின்சந்தில் கடை வைத்திருந்தார். வாய்த்துடுக்கு மிகுந்தவர். எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு: பெட்டியைக் கடைக்கு அனுப்பினால் நல்ல உறுப்பைக் கழற்றிக்கொண்டு பழையதை வைத்து அனுப்பிவிடுவார்கள் என்பது. எவருக்கும் அப்படி நேர்ந்ததாக நான் அறியேன். எனினும் எவரும் பெட்டியைக் கடைக்கு அனுப்புவதில்லை. அவரும் வீட்டுக்கே வந்து, வீட்டார் கண்முன் திறந்து பார்ப்பார்.

“லைட்டு எரிஞ்சி எரிஞ்சி அணையுதா ஐயா, எரியவே இல்லியா?” என்று செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

“விட்டுவிட்டு எரிகிறது. உடன் ஓர் ஓசையும் உண்டு.”

“சவுண்டு வந்து படம் வராம கீதா?”

“இரண்டும் இல்லை.”

இருந்தும் அவர் நம்பவில்லை. பெட்டியை முடுக்கி, கைவிளக்கைத் திரையோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாகப் பார்த்தார். பின்னொளி மட்டும் போயிருந்தால் அந்த வெளிச்சத்தில் படம் நிழல்போலத் தெரியும் என்றார். தெரியவில்லை. சுவர்ப்பொருத்தியை மீட்டரால் அளந்தார். பின்பு காதைப் பெட்டியின் முதுகில் வைத்துக் கேட்டார்.

“உள்ள எங்கியோ ஷார்ட்டு. கரண்ட்டு போவப் பாக்குது, எவனோ வழிய மறிச்சிக்கினு கீறான், திரும்பிடுது. மறுபடியும் வந்து பாக்குது. அதான் டிக்கு டிக்குனு.”

“இங்கியே தெறக்கணும்” என்றாள் என் மனைவி. அவள் பெட்டியின் விளிம்பைக் கையால் பிடித்தபடி நின்றிருந்தாள். “கடைக்கிலாம் எடுத்துக்கினு போவக்கூடாது.”

“எங்கம்மா எடுத்துக்கினு போறது? வண்டியில இது ஒக்காந்தா நான் ஓடியா வர்றது?”

மூடியின் மரையாணிகளைக் கழற்றத் தொடங்கியவர் முதல் ஆணியிலேயே நிறுத்தினார். “இத யாரோ முன்னியே தொறந்துகிறாங்க.”

“இப்பெட்டியை எவரும் திறக்கவில்லை” என்றேன்.

“தொறக்காத பொட்டியில ஸ்குரூ தல இப்டி நசுங்குமா ஐயா? சின்ன ஸ்குரூ டிரைவர போட்டு நெம்பிகிறாங்க.”

பழுதுக்குப் பிறரைக் காரணமாக்க முன்கூட்டியே வழி செய்கிறார் என்று நினைத்தேன். என் மனைவி பெட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். தூசு துடைக்கத் துணி வேண்டும் என்று அவர் கேட்க, அவள் மனமில்லாமல் உள்ளே போனாள். அதே நேரத்தில் வாசலில் யாரோ அழைக்க, நான் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவ்வளவு சிறிய இடைவெளிதான்.

நான் திரும்பியபோது அவர் மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையில் கைவிளக்குடன் அசையாமல் இருந்தார். அடுத்து அவர் செய்தது எனக்கு இன்னும் கண்முன் நிற்கிறது. மூடியைத் தாழ்த்தினார். ஒவ்வொரு மரையாணியாகத் திரும்ப முடுக்கினார். முன்னரே பிடுங்கிவைத்திருந்த மின்கம்பியைச் சுருட்டி நாடா ஒட்டினார்.

“இது நம்ம வேல இல்ல ஐயா. கம்பெனி ஆள வர சொல்லுங்க.”

“என்ன பழுது?”

“பிளக்கு போடாதீங்க. பொட்டிய அசைக்காதீங்க. உள்ள கைய வுட்டுடாதீங்க, பிளக்க புடுங்கினாலும் கொஞ்ச நேரம் உள்ள கரண்ட்டு நிக்கும்.” துணியுடன் வந்த என் மனைவியை ஒருமுறை நேராகப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, கொடுத்த தேநீரைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

வேலைக்கென்று வந்த ஒருவர், மூடியைத் திறந்த உடனே மூடிவிட்டு ஓடுவானேன்? நல்ல உறுப்பை எடுத்துக்கொண்டார் என்றே நினைத்தேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னதும் என் மனைவி தரையில் அமர்ந்துவிட்டாள். அதன் பிறகுதான் கம்மல் கதை முழுவதும் வெளிவந்தது.

அந்த நேரம் பார்த்து என் மைத்துனன் உள்ளே நுழைந்தான். வழக்கமாகச் செய்தித்தாள் பார்க்க வருபவன். அக்காள் அழுவதைப் பார்த்துவிட்டான். மறைக்க இயலவில்லை.

“அம்மாவோட கம்மல டிவிக்குள்ளியா வெச்ச? பேங்க்ல வெக்கத் தெரியாதா உனுக்கு?”

“பேங்க்ல வெச்சா, அடகுக்கு வேணும்னு நீ வந்து நிப்ப. அதுக்குத்தான்டா வெக்கல.”

“இப்ப மட்டும் இன்னா, காலனிக்காரன் காதுல மாட்டிட்டல்ல. சும்மாவா தெறந்தவன் ஒடனே மூடினான்? மாமா, நாலு பேர கூட்டிக்கினு போயி கேக்குற விதத்துல கேட்டா கக்கிடுவான்.”

“முதலில் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?” என்று நானே கேட்டுவிட்டு, நானே தயங்கினேன். மின்சாரம் உள்ளே நிற்கும் என்ற எச்சரிக்கை மட்டுமன்று என்னைத் தடுத்தது. நாம் திறந்து, உள்ளே இல்லாமற்போனால், நாமே எடுத்துவிட்டுப் பழிபோடுவதாக அவர் சொல்லக்கூடும். எனவே அவர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும். எத்தனை பேரைக் கூட்டிச் சென்றாலும் கேள்வி அவர்மேல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கேள்வி ஒட்டிய பிறகு எந்த வீட்டார் அவரை உள்ளே விடுவார்கள்? எடுத்தவராயின் சரி. எடுக்காதவராயின்?

“நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். அதுவரை வெளியே ஒரு சொல்லும் விழக்கூடாது” என்று மைத்துனனிடம் சொல்லிவிட்டு உத்திரமேரூர்ப் பேருந்தில் ஏறினேன்.

கடையில் அவர் வேறொரு பெட்டியை மல்லாத்தி வைத்திருந்தார். என்னைக் கண்டு எழுந்து நாற்காலியைத் தள்ளினார். “ஒக்காருங்க ஐயா. நீங்க வர்றதுக்கு முன்ன உங்க மச்சான் பேச்சு வந்திடுச்சி. டீக்கடையில நான் கம்மல் திருடிகிறேனாம். போன் மேல போனு.”

நான் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தேன். “பெட்டிக்குள் ஏதேனும் கண்டீரா?”

“கண்டேன். மஞ்சத்துணி. முடிச்சி அவுந்து கெடந்துச்சி, மினுக்கினு ஒண்ணு தெரிஞ்சிச்சி. மூடிட்டேன்.”

“அப்போதே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லிகிறேன்னு வெச்சிக்கோங்க. நீங்க இன்னா கேப்பீங்க? உள்ள எவ்ளோ இருந்திச்சின்னு கேப்பீங்க. எனுக்கு எப்டி தெரியும் எவ்ளோ இருந்திச்சின்னு? அத வெச்சது அம்மாவா, நீங்களா, அம்மாவுக்குத் தெரியாம நீங்களா, உங்களுக்குத் தெரியாம அம்மாவா? வாயத் தெறந்தா ஒரு வூட்டுக்குள்ள சண்ட. அதுல ஒண்ணு கொறஞ்சா நான்தான்.”

“சொல்லாமல் போனதால்தானே இப்போது உம்மை ஐயுறுகிறார்கள்?”

“சொன்னாலும் இதான் ஐயா. எங்காளு உங்க தெருவுல நகைய கண்ணால பாத்தாலே பேஜாரு.”

விடை பொருத்தமாக இருந்தது. மிகவும் பொருத்தமாக இருக்கும் விடையை நான் எப்போதும் இருமுறை படித்துப் பார்ப்பவன். காலம் கடத்துகிறாரோ? எடுத்ததைத் திரும்ப வைக்க வழி தேடுகிறாரோ? “இப்பொழுதே வந்து எங்கள் முன் திறப்பீரா?” என்றேன்.

“அம்மா போன்ல கூப்புடட்டும், வரேன். உங்க மச்சானும் இருக்கணும்.”

அவள் அழைத்தாள். அவர் வண்டியை எடுத்தார். பின்னால் நான் ஏறி அமர்ந்ததும் கருவிப்பையைக் கழற்றி என் மடியில் வைத்தார். “இத நீங்களே வெச்சிக்கோங்க ஐயா. வழியில நான் தொடல.”

நான் நினைத்ததை அவர் முன்னரே நினைத்துவிட்டார். எனக்கு நாணமாகத்தான் இருந்தது. இருந்தாலும், ஊர் வந்து சேரும்வரை என் விரல்கள் அந்தப் பையின் துணிமேல் நடந்துகொண்டே இருந்தன. உள்ளே சிறியதாக, உருண்டையாக ஏதும் தட்டுப்படுகிறதா என்று. மரையாணிகள் நிறையத் தட்டுப்பட்டன.

வீட்டில் மைத்துனன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். பழுதுநீக்குநர் தம் கைப்பேசியை அவனிடம் நீட்டினார். “வீடியோ எடுங்க சார். மொத ஸ்குரூல இருந்து எடுங்க.”

“எனுக்கு நீ இன்னா சொல்றது?” என்றான் அவன். ஆனால் எடுத்தான்.

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு அவர் ஆணிகளைக் கழற்றினார். மூடியைத் தூக்கும்படி என் மனைவியிடம் சொன்னார். ஒரு குண்டுவிளக்கில் இரு கம்பிகளைக் கட்டி, மின்வழங்கிப் பலகையில் தொட்டு, தேங்கிய மின்சாரத்தை இறக்கினார். குண்டுவிளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. “இப்ப கைய வுடலாம்மா. நீங்களே எடுங்க.”

அவள் மஞ்சள் துணியை எடுத்தாள். வெள்ளையடித்தவர்கள் பெட்டியைக் கவிழ்த்தபோது முடிச்சு நெகிழ்ந்திருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கம்மல், அதன் திருகாணியுடன் வந்தது. அடுத்து இன்னொரு கம்மல். அதற்குத் திருகாணி இல்லை.

என் மைத்துனன் கைப்பேசியைத் தாழ்த்தினான். “இன்னொரு திருகாணி எங்க?”

பழுதுநீக்குநர் பின்வாங்கிச் சுவரோடு முதுகை ஒட்டி, இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். “தேடுங்க. நான் கிட்ட வரல. வீடியோ நிக்கக் கூடாது சார்.”

என் மனைவி கைவிளக்கைப் பிடித்தாள். நான் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அவர் சுவரோரத்திலிருந்து சொல்லச் சொல்ல, ஒவ்வோர் உறுப்பின் அடியிலும் துழாவினேன். “அந்த கருப்பு பெட்டிக்கு இந்தாண்ட… இல்ல, கீழ… வொயரு வந்து சேர்ற எடத்துல பாருங்க. ஷார்ட்டு அங்கதான் ஆவும்.” அங்கேதான் இருந்தது. மின்வழங்கிப் பலகையில் பற்றுவைத்த இரண்டு கால்களுக்கு நடுவே, புகைபிடித்த கருமையுடன் தங்கத் திருகாணி நட்டுவைத்ததுபோல் நின்றது. ஈர்க்கால் தள்ளியதும் என் மனைவியின் உள்ளங்கையில் விழுந்தது.

“வழிய மறிச்சவன் கெடச்சிட்டான்” என்றார் அவர், சுவரிலிருந்து அசையாமலே. “இப்ப பிளக்கு போடுங்க.”

சிவப்பு விளக்கு எரிந்தது. அணையவில்லை. ஓசையும் இல்லை. திரை வெளுத்து, படம் வந்தது, நகைக்கடை விளம்பரம். என் மனைவி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

“இன்னா நெனப்புலம்மா இதுல வெச்சீங்க? திருடன் வூட்டுக்குள்ள வந்தா மொதல்ல டிவியத்தான் தூக்குவான்.”

“இந்தப் பழசயா?” என்றாள் அவள்.

அவரும் சிரித்தார். மூடியை முடுக்கிவிட்டு, கைப்பேசியை மைத்துனனிடமிருந்து வாங்கிக்கொண்டபோது அந்தச் சிரிப்பு இல்லை. “டீக்கடையில சொன்னீங்கல்ல சார். அதே டீக்கடையில இதையும் சொல்லிடுங்க.”

“சொல்றேன், சொல்றேன்” என்றான் என் மைத்துனன், கம்மலைப் பார்த்தபடி.

அவன் சொல்வான் என்று எனக்கு நம்பிக்கை இல்லாததால் மாலையில் நானே தேநீர்க் கடைக்குப் போனேன். நடந்ததை முறையாக, ஒன்றும் விடாமல் எடுத்துரைத்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் மரியாதையுடன் கேட்டார்கள். முடித்ததும் ஒருவர், “திருகாணி அப்புறமாத்தான் கெடச்சிதாமே ஐயா?” என்றார்.

“பலகையில் சிக்கியிருந்தது. அதுதான் பழுதுக்கே காரணம்.”

“சரிதான். ஆனா வீடியோ ரெண்டாவது வாட்டி தெறந்தப்பதான எடுத்தது? மொத வாட்டி தெறந்தப்ப யாரும் பாக்கல இல்ல?”

மற்றொருவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “வண்டியில ஒண்ணாதான் வந்தீங்களாமே, ஐயாவ எதனா மெரட்டினானா?”

பையை என் மடியில் வைத்ததைச் சொன்னேன். அப்படிச் சொன்னதால் பையில் ஏதோ இருந்ததாக ஆகிவிட்டது. மேற்கொண்டு பேசினால் இன்னும் ஏதாவது ஆகும் என்று அஞ்சி எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அவர் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு வந்தாலும், வீட்டாரின் கைப்பேசி படம் பிடிக்கத் தொடங்காமல் முதல் ஆணியைத் தொடுவதில்லை. பின்மூடியைத் தூக்குவது வீட்டுக்காரரின் வேலை. அழைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று கேள்வி. “ஒண்ணும் இல்லாதவன் எதுக்கு இவ்ளோ உஷாரா கீறான்?” என்று என் மைத்துனனே ஒருநாள் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

சென்ற வாரம் பின்னிலத்துக்காரர் வீட்டு அம்மையார் வந்திருந்தார். அவர்கள் பெட்டியிலும் ஏதோ கோளாறு. சிவப்பு விளக்கே எரியவில்லையாம். உத்திரமேரூர்க்காரரை அழைக்கலாமா என்று என்னைக் கேட்டார். தாராளமாக அழைக்கலாம், நேர்மையானவர், நான் பொறுப்பு என்றேன். அம்மையார் தலையசைத்தார். பின்பு என் மனைவியின் காதையே சற்று நேரம் பார்த்திருந்தார். கிடைத்த நாள் முதல் அவள் அந்தக் கம்மலைக் கழற்றியதே இல்லை.

“அக்கா, கல்லுலாம் முன்ன இருந்த மாதிரியேதான் கீதா? இல்ல, சும்மா கேட்டேன்.”

அம்மையார் போன பிறகு என் மனைவி வேலையைத் தொடர்ந்தாள். வெங்காயத்தை அரிந்து முடித்தாள். கையைக் கழுவினாள். பின்பு சன்னலோரம் சென்று, திருகாணியைத் திருகி ஒரு கம்மலைக் கழற்றி, வெயிலில் உயர்த்திப் பிடித்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தாள்.

“அப்படியேதானே இருக்கிறது?” என்றேன், இருந்த இடத்திலிருந்தே.

அவள் கம்மலைத் திருப்பி மறுபுறமும் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு நானும் எழுந்து சன்னலோரம் போனேன்.